மேலத்தெருவுக்கு வந்த ஜெயில்

சேந்தூரணி ஜெயில் தன் இடத்தை விட்டுக் கிளம்பி இரண்டு மாதம் ஆகியும், அது வந்துகொண்டிருப்பது மேலத்தெருவில் இருக்கும் தன் வீட்டைத் தேடித்தான் என்று தெரியாமல், அது அன்றாடம் எந்த முக்கில் நிற்கிறது என்பதை ஊருக்கெல்லாம் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவன் ரேடியோ செட் சாத்தையா. ஆட்டோவில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு காலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும் என்றுதான் பேரூராட்சி ஆபீசில் சொல்லியிருந்தார்கள். சாத்தையாவுக்கு அது போதாது. காதுகுத்தானாலும் கோயில் பொங்கலானாலும் விடிவதற்கு முன்பே குழாயைத் திறந்துவிட்டு, ஊரே எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் பூரித்துப்போகிற ஆள் அவன். ஆகவே மூன்று சுற்றுச் சுற்றினான்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. நமது ஊர் ஜெயிலானது இன்றைய நிலவரப்படி கருவாட்டுக் கடை முக்கில் நின்றுகொண்டிருக்கிறது. டவுன் பஸ் சந்தைப்பேட்டை வழியாகச் செல்லும். ஜெயில் சுவரில் வரட்டி தட்ட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த ஜெயில் நேற்றைக்குக் கட்டினதில்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரையில் வந்து இறங்கி, இந்த ஊர் ஆட்கள் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்களே என்று சலித்துக்கொண்டு, கரட்டுமலையில் பாதியை உடைத்து எடுத்துவந்து, மூன்று முழ அகலச் சுவரும் பத்து அறையும் ஒரே வாசலுமாக எழுப்பினார். கட்டி முடித்த அன்றைக்கே ஓர் உளி குறைகிறதென்று சொல்லி, அதைக் கட்டிய கல்தச்சனையே பிடித்து முதல் அறையில் போட்டார்கள். பிறகு பஞ்சத்தில் நெல் வண்டியை மறித்தவர்கள் வந்தார்கள், கொடி பிடித்துக் கோஷம் போட்டவர்கள் வந்தார்கள், சுயராஜ்யம் வந்த பின்னாலும் சாராயம் காய்ச்சியவன், சேவல் சண்டை விட்டவன், அண்ணன் வரப்பை வெட்டியவன் என்று வரிசை அறுபடாமல் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்து அந்தக் கல்லுக்குப் பழக்கமில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் யாரும் எங்கே கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்லக்கூடாது, சொன்னால் வாயில் அடி விழும். "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட வேண்டும். ஜெயிலில் சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், ஆனால் "போறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த முதல் கல்தச்சன் விடுதலையாகும்போது வாய்ப்பழக்கத்தில் "போயிட்டு வாரேனய்யா" என்று சொல்லிவிட்டு, எட்டாம் நாளே வேறொரு உளிக்காகத் திரும்பி வந்தானாம். அன்றிலிருந்து யார் விடுதலையாகி வாசலைத் தாண்டினாலும், வார்டர் தன் இடது கையை அவர் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு நிற்பது என்பது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாமல், வெள்ளைக்காரன் காலத்திலும் நம் காலத்திலும் ஒருநாளும் தவறாமல் நடந்துவந்த உத்தியோகம்.

தவறியது ராக்கு விசயத்தில்தான். ராக்கு, சாத்தையாவின் பெண்சாதி. போன கோடையில் குழாயில் பதினேழு நாள் தண்ணீர் வராமல் பன்னிரண்டு பெண்கள் காலிக்குடத்தை ரோட்டில் வைத்து உட்கார்ந்தபோது பன்னிரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினோரு பேர் மறுநாளே ஜாமீனில் வந்துவிட்டார்கள்; ஜாமீன் தாளில் யாரோ ராக்கு என்பதை ராசு என்று எழுதித் தொலைத்ததால், ராசு என்கிற, பிறக்கவே பிறக்காத ஓர் ஆம்பிளை விடுதலையாகி, ராக்கு ஒன்பது நாள் உள்ளே இருந்தாள். பத்தாம் நாள் காலையில் பெண் வார்டர் தெய்வானை, ஒரு கையில் சாவிக்கொத்தும் மறு கையில் ராக்குவின் குடமுமாகக் கதவைத் திறந்துவிட்டபோது, வாய்க்கு நேராக வைக்க மூன்றாவது கை அவளிடம் இல்லை. ராக்கு மரியாதை தெரிந்தவள். "போயிட்டு வாரேன்க்கா" என்றாள்.

அவள்தான் அந்த ஜெயிலின் கடைசிக் கைதி. அடுத்த மாதமே கட்டடம் பழையது என்று எழுதி மூடிவிட்டார்கள். பூட்டையும் புத்தகங்களையும் ஜில்லாத் தலைநகருக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இருநூறு வருசத்தில் முதன்முறையாக அந்தப் பத்து அறையிலும் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. எழுபது நாளோ எழுபத்தைந்து நாளோ பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெயில் கிளம்பிவிட்டது.

முதலில் கவனித்தவர் தாலுகா ஆபீஸ் பியூன். தினமும் ஜெயில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுசன், அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்து பாதிச் சோறு தின்ற பிறகுதான் நிழல் எங்கே என்று நிமிர்ந்து பார்த்தார். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, கட்டடத்தின் நீள அகலத்தில் மாற்றமில்லை, நாற்புற எல்லையில் மட்டும் தினசரி மாற்றம் காணப்படுகிறது என்று எழுதிக் கொடுத்தார். ஜெயில் ஸ்டாப் என்று டிக்கெட் கேட்டவர்களிடம் கண்டக்டர் "இன்னைக்கு எந்த ஜெயில் ஸ்டாப்பு?" என்று திருப்பிக் கேட்டார். டீக்கடைக்காரர் தள்ளுவண்டி வாங்கிக்கொண்டு நிழலோடு நிழலாக நகர்ந்தார். அது போகிற வழியில் கம்பத்தை மாற்றிக் கம்பியைத் தூக்கிக் கட்டினார்கள் மின்சார வாரியத்துக்காரர்கள். வாசலுக்கு நேராக ஜெயில் நின்ற வீடுகளில் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார்கள், அது மறுநாள் தாண்டிப்போனதும் ஏதோ வேண்டாத விருந்தாளி கிளம்பினது மாதிரி வாசல் தெளித்தார்கள். ஒன்றையும் அது இடிக்கவில்லை, ஒரு சட்டியை உடைக்கவில்லை. சந்தைக்கு நடுவே வந்து நின்றபோதுகூட, தக்காளிக் கூடைகள் அதற்கு முன்னாலும் பின்னாலும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு மாதத்துக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் "ஜெயில் வழிவிடும் பட்சத்தில்" என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள்.

அது நகர்வதை மட்டும் யாரும் கண்டதில்லை. மத்தியானச் சோறு தின்று ஊர் கண்ணயர்கிற ஒரு மணி நேரத்தில்தான் அது நடந்தது. அந்நேரத்தில் முழித்திருந்தவள் ராக்கு ஒருத்தி.

"நான் பாத்தேங்க. கொல்லையில ஏனம் கழுவிக்கிட்டிருந்தேன். பொம்பளையாளு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சாக்கடையைத் தாண்டுவாள்ல, அப்பிடித்தான் அந்த வாய்க்காலத் தாண்டுச்சு" என்றாள் ஒருநாள்.

"அந்நேரத்துக்கு ஒன்னய யாரு முழிச்சிருக்கச் சொன்னது?" என்று சாத்தையா கேட்டான். கேட்டுவிட்டு, "ஏ ராக்கு, அந்த மோரக் கொண்டா" என்றான். அவன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "ஏ ராக்கு" என்று கூப்பிடுவான். டெஸ்டர் எங்கே, கறுப்பு ஒயர் எங்கே, காபி எங்கே, நான் எங்கே சட்டையைக் கழற்றிப் போட்டேன். மைக்கில் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அவன் குரல் நாலு தெரு தாண்டும். கெட்டவன் இல்லை. கூப்பிட்டால் அவள் வருவாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி வேறொன்றும் தெரிந்துகொள்ளாதவன், அவ்வளவுதான்.

குட்டு உடைந்தது தெய்வானை ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது. அவளுக்கு இப்போது ஜில்லா ஜெயிலில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கியவள் ஜெயிலைப் பார்த்தாள், அதன் முகம் திரும்பியிருந்த திசையைப் பார்த்தாள், அந்தத் திசையில் மேலத்தெரு இருப்பதைப் பார்த்தாள், நடுரோட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "வாரேன்னு சொல்லிட்டுப் போனாளே ராக்கு, வரலையேன்னு அது கேக்கப் போகுது. என் கையி வெறுங்கையா இருந்திருந்தா இந்தப் பாவம் வந்திருக்காதே" என்று அழுதாள்.

அன்றைக்கு மத்தியானமே கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. பந்தி முடிந்த இலைகூட எடுக்கவில்லை. வழி தெரிந்துவிட்ட நிம்மதி எல்லார் முகத்திலும் இருந்தது. சொன்ன சொல்லுக்கு ராக்கு ஒரு நாள் உள்ளே போய் இருந்துவிட்டு வந்தால் ஜெயில் அதன் இடத்துக்குப் போய்விடும், பஸ் பழையபடி ஓடும், இதிலென்ன கஷ்டம் என்றார் சேர்மன். அப்போதுதான் வக்கீல் குமாஸ்தா பஞ்சவர்ணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரே ஒரு சிக்கல் இருக்குய்யா. உள்ள போறதுக்கு ஆர்டர் வேண்டியதில்ல. வெளிய வாரதுக்குத்தான் ஆர்டர் வேணும். மூடுன ஜெயிலுக்கு விடுதலை ஆர்டர் எழுத எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கெடையாது. போனா போனதுதான்."

மண்டபம் கொஞ்சம் யோசித்தது. பிறகு, ஊருக்காக ஒருத்தி, என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

சாத்தையாவுக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. எழுந்து நின்றான். "அதெல்லாம் அனுப்ப முடியாது. அவ இல்லாட்டி..." என்று ஆரம்பித்தவன் வாயில் வந்ததெல்லாம் காபி யார் போடுவது, ஆட்டுக்குக் குழை யார் ஒடிப்பது, ஆம்ப்ளிபயர் வாடகை கேட்டு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதாக இருந்தது. மண்டபம் சிரித்தது. அவன் நெஞ்சில் அடைத்தது இதில் எதுவும் இல்லை. அது என்னவென்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை, மைக் இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து சாத்தையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறிவிப்பை நிறுத்தினான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் வாசலுக்குப் போனான், வாசலில் நின்று ஜெயில் எத்தனை வீடு தள்ளி நிற்கிறது என்று எண்ணினான். ராக்குவை அவள் தங்கை ஊரான பூலாங்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஜெயில் அன்று மத்தியானமே பூலாங்குளம் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் வெற்றிலை பாக்கு வைத்து, கும்பிட்டு, இருவரையும் நாலாம் நாள் பஸ் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவனே தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெயிலுக்குள் போய் மூன்றாம் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். புருசன் பொண்டாட்டியில் யார் இருந்தால் என்ன என்பது அவன் வாதம். கதவு சாத்திக்கொள்ளவே இல்லை. மத்தியானம் தரை லேசாக ஆடியது, வாந்தி எடுக்க வெளியே ஓடிவந்து பார்த்தால் தினமும் அறுபது அடி நகர்கிற ஜெயில் அன்றைக்கு நூற்றிருபது அடி நகர்ந்திருந்தது. அவமானமாகப் போய்விட்டது அவனுக்கு.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை ஜெயில் வந்து சேர்ந்தது. அவர்கள் வாசலுக்கு எட்டு அடி எதிரே, வாசலுக்கு வாசல் நேராக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. காலை வெயில் வீட்டுக்குள் வரவில்லை. ராக்கு அந்த இருட்டிலும் எப்போதும் போல அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்பிடி ஒரு வார்த்தைய அன்னைக்கு ஏன்டி சொன்ன?" என்றான் சாத்தையா.

ராக்கு களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு அவனைப் பார்த்தாள். "சொல்றேன். கோவிச்சுக்கிறாதீக. உள்ள போட்ட முத நாளு அழுதேன். ரெண்டாம் நாளு எப்பவும்போல இருட்டோட முழிச்சேன். எந்திரிச்சு உக்காந்தா, செய்யுறதுக்கு ஒன்னுமில்ல. அடுப்பில்ல, கொடமில்ல, யாரும் கூப்பிடல. ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் திரும்பப் படுத்தேன். சோத்துத் தட்டு சத்தத்துக்குத்தான் முழிச்சேன், உச்சி வெயிலு. கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருசத்துல நான் முழிச்சுட்டுத் திரும்பப் படுத்தது அன்னைக்குத்தாங்க. வெக்கமாத்தான் இருந்துச்சு, ஜெயில்ல வந்து இப்பிடித் தூங்குறோமேன்னு. அப்புறம் இருந்த நாளெல்லாம் தூங்குனேன். அந்த அக்காகிட்ட மரியாதைக்குத்தான் வாரேன்னு சொன்னேன். மனசுக்குள்ள மரியாதைக்கு இல்ல. அத அந்தச் சொவரு கேட்டுருச்சு."

வெளியே ஜெயில் அசையாமல் நின்றது.

"அப்ப நீ போகப் போறியா?"

"பயமா இருக்குங்க. உள்ள போனா திரும்ப முடியாதுங்குறாக."

"அப்பப் போகாத."

"இங்கனக்குள்ள இருக்கவும் பயமா இருக்கு" என்றாள் ராக்கு.

இந்த இடத்தில் சாத்தையா என்ன சொல்லியிருக்கலாம் என்று மேலத்தெரு இன்றைக்கும் பேசுகிறது. அவள் கையைப் பிடித்திருக்கலாம். அவனே அரிசியை உலையில் போட்டிருக்கலாம். படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அந்தக் கணத்தில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போலத்தான் இருந்தது, வாய் தானாகத் திறந்தது. "ஏ ராக்கு, அந்த ஒயரு பத்தவைக்கிற கம்பிய எங்க வச்ச?" என்றான்.

ராக்கு எழுந்தாள். ஆம்ப்ளிபயருக்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பாயில் கிடந்த தலையணையை எடுத்துக்கொண்டு, எட்டு அடியையும் ஒரே மூச்சில் கடந்து உள்ளே போனாள். போகும்போது போறேன் என்றோ வாரேன் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஜெயில் கதவுக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள் உண்டு, இதற்கு எப்படி உள்ளே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குமேல் கேட்பதற்கு ஊருக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

ஏனென்றால் மறுநாள், ராக்கு சாப்பிட்டாளோ என்னவோ என்று தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோன பக்கத்து வீட்டு முத்திருளாயிக்குக் கதவு திறந்தது, சாத்திக்கொண்டது, அவள் திரும்பவில்லை. அதற்கு மறுநாள் மறியலில் கூட உட்கார்ந்த பதினோரு பேரில் ஏழு பேர் ராக்குவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள், ஏழு பேர் இடுப்பிலும் தலையணை இருந்தது. டீச்சரம்மா போனார். இட்லிக் கடைக்காரி மாவை ஆட்டி மூடி வைத்துவிட்டுப் போனாள். ஒன்பதாம் நாள் பத்து அறையிலும் நாற்பத்து மூன்று பெண்கள் இருந்தார்கள். ஜெயில் அதற்குப் பிறகு ஓர் அங்குலமும் நகரவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு மனு போட்டதில், மேற்படி சிறை நடைமுறையில் இல்லாததால் மேற்படி கைதிகளும் நடைமுறையில் இல்லை என்று பதில் வந்தது.

ஊர் இதற்கும் பழகத்தான் பார்த்தது. ஆண்கள் குடத்தைத் தூக்கினார்கள். சேர்மன் வீட்டில் மூன்று நாள் உப்பில்லாத ரசம். சாத்தையா காபி போடக் கற்றுக்கொண்டு, போட்டு, தானே குடிக்க முடியாமல் கீழே ஊற்றினான். நாளுக்கு நாற்பது தடவை வாய் "ஏ ராக்கு" என்று திறந்து, பதில் வராமல் மூடிக்கொண்டது. அவள் மேல் ஆத்திரமாக வந்தது. அப்புறம் அழுகையாக வந்தது. அவள் அவனுக்கு வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஆகவே சேர்மன் அந்த யோசனையைச் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. "ஒன்கிட்ட இருக்குற நாலு கொழாயையும் சன்னலுக்கு நேரா கட்டு. ஒன்னோட செட்டு அலறுனா செத்தவனே எந்திரிச்சு உக்காருவான். காது தாங்காம அவளுகளே தாழ்ப்பாளத் திறந்துட்டு ஓடியாருவாளுக" என்றார் சேர்மன். மத்தியானம் சோறு தின்னாமலே ஆண்கள் அத்தனை பேரும் மேலத்தெருவில் கூடினார்கள். சாத்தையா நாலு குழாயையும் கட்டினான், சத்தத்தைக் கடைசி வரை ஏற்றிவைத்தான், மைக்கைக் கையில் எடுத்தான். ஜெயில் சன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருந்ததால் ஏணி வைத்து ஏறினான். முதலில் ஒரு தடவை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம், வந்துவிட்டால் நல்லது, என்று நினைத்துக்கொண்டு கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

ராக்கு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்துக்கு அடியில் ஒரு கை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஓரத்தில் எச்சில் கோடாக ஒழுகியிருந்தது. புருவத்துக்கு நடுவே எப்போதும் இருக்கிற மடிப்பு இல்லை. சாத்தையா பார்த்துக்கொண்டே நின்றான். யாரிது என்று முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான். இந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருசமும் அவளுக்கு முன்னால் தூங்கியவன் அவன், அவளுக்குப் பின்னால் எழுந்தவன் அவன். ஒருநாளும், ஒரே ஒருநாளும், அவள் தூங்கி அவன் முழித்திருந்தது கிடையாது. பெண் பார்க்கப் போனபோது நிமிரச் சொல்லியும் நிமிராத அந்தப் பத்தொன்பது வயசுப் பெண் இவள்தான், இத்தனை நாள் எங்கேயோ இருந்திருக்கிறாள், தன்னிடம் மட்டும் வரவே இல்லை.

"சாத்தையா, போடுய்யா!" என்று கீழே சத்தம் போட்டார்கள். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற, கூப்பிடு!"

சாத்தையா மைக்கின் ஒயரைப் பிடுங்கினான். ஏணியில் இரண்டு படி இறங்கி, அவர்கள் பக்கம் திரும்பி, என்னவோ சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை. அவன் குரல் கேட்காமல் போவது சேந்தூரணியில் அதுதான் முதல் தடவை.

"என்ன சொல்ற? கேக்கல."

"தூங்குறா" என்றான் சாத்தையா. "எம் பொண்டாட்டி தூங்குறா. சத்தம் போடாதீக."

நாலு குழாயும் சும்மா தொங்கின. பின்வரிசையில் நின்ற முத்திருளாயியின் புருசன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஏணிக்குக் கீழே வந்து நின்றான்.

"எறங்குண்ணே" என்றான் மெல்ல. "நானும் ஒருக்கா பாத்துக்கிறேன்."